பஸ்ஸில் போன கவர்

போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கிறவள். நான் ஒரு காலத்தில் விக்கிரமசிங்கபுரத்தில் வாடகை நூல் நிலையம் நடத்தியதை அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். "ஆச்சி, பழைய மாத நாவல் ஏதும் மிச்சம் கெடக்கா?" என்றாள். எதற்கு என்று கேட்டேன். நாவல் எழுதப் போகிறாளாம். கதாநாயகி பத்திரிகை நிருபர். கதாநாயகன் குற்றப்பிரிவில் துப்பறிகிற அதிகாரி. கதை நடக்கிற இடம் பாபநாசம். ஒரு கொலை நடக்கிறது. அதை இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் துரத்துகிறார்கள். துரத்துகிற வேகத்தில் இருவருக்கும் காதலும் வந்துவிடுகிறது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பரணில் கிடந்த தகரப்பெட்டியை இறக்கச் சொன்னேன். பூச்சி அரித்தது போக நாற்பது புத்தகம் தேறியது. ஒவ்வொன்றின் அட்டையையும் அவள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு தான் எழுதிய முதல் அத்தியாயத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். விடிகாலையில் கோயிலுக்கு முன்னால் இருக்கிற படித்துறைக்கு அந்த நிருபர் வருகிறாள். கொஞ்சம் கீழே, இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு சிவப்புச் சேலை சிக்கி ஆடிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு நெஞ்சு படபடக்கிறது.

அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஏன் என்று அவள் கேட்டாள். உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சேலை. பாபநாசத்து ஆற்றில் சேலை கிடந்தால் அது எதற்கும் தடயம் இல்லை. தாமிரபரணி மலையை விட்டு இறங்கிச் சமவெளியைத் தொடுகிற இடம் எங்கள் ஊர். பாவம் நாசமாகிற இடம் என்று பெயரிலேயே இருக்கிறது. தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள், பரிகாரம் செய்ய வருகிறவர்கள், சோதிடர் சொன்னார் என்று வருகிறவர்கள் எல்லோரும் முங்கி எழுந்து, உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிறார்கள். துணியோடு பாவமும் போய்விடும் என்று நம்பிக்கை. ஆடி அமாவாசை முடிந்த மறுநாள் பார்த்தால் பாறைக்குப் பாறை வேட்டியும் சேலையும் தொங்கும். மீன்களுக்குப் பொரி போடுகிற அதே தண்ணீரில்தான் இதுவும். ஆட்களை இறக்கி எத்தனை முறை அள்ளினாலும் திரும்பச் சேர்ந்துவிடுகிறது. எங்கள் ஆற்றுக்கு நாங்கள் செய்கிற இந்தக் கொடுமையை அந்தப் பெண் தன் நாவலில் எழுதினாலே போதும், நான் அவளை வாழ்த்துவேன். ஆனால் ஒரு சேலையைப் பார்த்ததும் கொலை என்று நினைக்கிறவள் இந்த ஊர் நிருபராக இருக்க முடியாது. துப்பறிகிறவனாக இருந்தால் அந்தச் சேலையைத் தாண்டி நடந்துபோய்விடுவான்.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் என் நூல் நிலையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டு முன்னறையில் அதைத் தொடங்கினேன். ஒரு புத்தகத்துக்கு ஒரு நாள் வாடகை 25 காசு. ஊரே ஹார்வி மில்லின் சங்குச் சத்தத்துக்குத்தான் எழும், உண்ணும், உறங்கும். ஷிப்ட் முடிந்து வருகிற ஆண்கள் சாண்டில்யன் கேட்பார்கள். பெண்கள் ராணிமுத்தும் மாலைமதியும் கேட்பார்கள். எண்பதுகளில் க்ரைம் நாவல், பாக்கெட் நாவல் என்று மாதாமாதம் வரத் தொடங்கியதும் ஆண் பெண் வித்தியாசம் போய்விட்டது. ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் எங்கள் தெருவிலேயே குடியிருந்தார்கள் என்று சொன்னால் அது மிகை ஆகாது. விவேக்கும் ரூபலாவும் கணவன் மனைவி, அதனால் அவர்களைப் பற்றிக் கவலை இல்லை. பரத்தும் சுசீலாவும் சேர்ந்து மூன்லைட் டிடெக்டிவ் ஏஜென்சியை நடத்திக்கொண்டு, சீண்டிக்கொண்டே, கல்யாணம் பண்ணாமல் காலத்தைத் தள்ளினார்கள். "அந்தப் புள்ள கழுத்துல ஒரு தாலியக் கெட்டித் தொலைக்கப்படாதா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. எழுதினவரே நான்தான் என்பது போலப் பேசுவார்கள்.

என் வாசகர்களில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. பீடி சுற்றுகிற பெண்கள். நாலு வீட்டுப் பெண்கள் ஒரு திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்து இலை வெட்டித் தூள் வைத்துச் சுற்றுவார்கள். வாசிக்கத் தெரிந்த ஒருத்தி மட்டும் சத்தம் போட்டு நாவலை வாசிப்பாள். அவளுக்குக் குறைகிற பீடியை மற்றவர்கள் ஆளுக்கொரு கட்டாகச் சுற்றிக் கொடுத்து ஈடுகட்டிவிடுவார்கள். கண்ணூர் பீடித் தொழிலாளர்களும் இப்படித்தான் ஒருவரைப் பேப்பர் வாசிக்கச் சொல்லிக் கேட்பார்களாம். கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் உண்டாம். இதெல்லாம் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரியும். கையில் வேலை இருக்கிறவர்களுக்குக் காது சும்மா இருக்கிறது. அந்தக் காதுக்குக் கதை வேண்டும். எங்கள் தெருவில் அது எப்போதும் யார் செய்த கொலை என்கிற கதையாகவே இருந்தது.

பெண்களுக்கும் துப்பறியும் கதைக்கும் உள்ள உறவு பாக்கெட் நாவலில் தொடங்கியதும் இல்லை. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925-ல் எழுதிய 'வைதேகி' துப்பறியும் நாவல்தான். பள்ளிக்கூடம் போகாதவர். தெருப் பெண்களுக்குக் கதை சொல்லிச் சொல்லிப் பழகியவர். முதலில் எழுதிய நாடகத்தை அவர் வாயால் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதினார். பிறகு தானே எழுதப் படித்துக்கொண்டு 115 நாவல்கள் எழுதினார், 'ஜகன்மோகினி'யைப் பல ஆண்டுகள் நடத்தினார். பத்திரிகைக்காரியும் துப்பறிகிறவளும் ஒரே உடம்பில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அந்தப் பெண் தெரிந்துகொள்ள நினைத்தால் இவரிடமிருந்து தொடங்கலாம் என்று சொன்னேன். அவள் குறித்துக்கொண்டாள். பதிலுக்கு எனக்கு ஒன்று சொன்னாள். வான் டைன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1928-ல் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் எழுதி, அதில் காதலே கூடாது என்று சொன்னாராம். நம் ஆட்கள் அதை ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. தேவனின் துப்பறியும் சாம்புவுக்குக்கூட ஒரு வேம்பு வந்து சேர்ந்தாள். வேம்பு இல்லாத சாம்புவை நினைத்துப் பார்க்க முடிகிறதா?

அந்த விதி எழுதினவர் ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரை நம்புவது என்கிற கேள்விதான் துப்பறியும் கதை. காதல் கதையும் அதே கேள்விதான். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் சண்டை வரும், அது நல்ல சண்டை. அதிலும் நிருபரையும் துப்பறிகிறவனையும் சேர்த்து வைத்தால் சண்டைக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிருபருக்குத் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும், நாளைக்குக் காலையில் பேப்பர் வந்துவிடும். துப்பறிகிறவனுக்குத் தெரிந்ததை மறைத்தாக வேண்டும், சொல்லிவிட்டால் குற்றவாளி சுதாரித்துவிடுவான். உண்மைதான் இருவருக்கும் வேண்டும். ஆனால் ஒருவருடைய கடமை மற்றவருடைய கடமையைக் கெடுக்கும். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒருவரை ஒருவர் விரும்பினால், யார் எப்போது யாருக்காகப் பொறுப்பது? அந்தப் பெண் எழுத வேண்டிய நாவல் இதுதான், பாறையில் சிக்கின சேலை இல்லை.

எங்கள் பக்கத்தில் பத்திரிகைக்காரரும் ஒற்றரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த கதை ஒன்று நிஜமாகவே நடந்தது. கடையம் எங்களுக்குப் பக்கத்து ஊர். பாரதியின் செல்லம்மா பிறந்த ஊர். 'இந்தியா' பத்திரிகைக்காக 1908-ல் புதுச்சேரிக்குத் தப்பிப் போன பாரதி பத்து வருஷம் அங்கே ஒற்றர்களின் கண்ணுக்கு நடுவில் வாழ்ந்தார். 1918 நவம்பரில் கடலூர் பக்கத்தில் கைதாகி, விடுதலையானதும் மனைவியின் ஊரான கடையத்துக்குத்தான் வந்தார். எழுதுவதைப் போலீஸ் அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிற நிபந்தனையோடு வந்தார். செல்லம்மாவை நினைத்துப் பார்க்கிறேன். வாசலில் ஒரு புது ஆள் நின்றால், வந்திருப்பது அவருடைய எழுத்தைத் தேடி வந்த அன்பரா, இல்லை வேவு பார்க்க வந்தவரா என்று பார்வையிலேயே எடை போட வேண்டிய வாழ்க்கை. அதற்குப் பிறகும் அவர் கணவரின் எழுத்தை விட்டுவிடவில்லை. கணவர் போன பின் பாரதி ஆசிரமம் என்று தொடங்கி அவருடைய புத்தகங்களைப் பதிப்பித்தார். காதல் கதை என்றால் எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

பாரதியின் புதுச்சேரித் தோழர் வ.வே.சு. ஐயர், 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்து சிறைக்குப் போனவர், எங்கள் மலையில்தான் உயிரை விட்டார். சேரன்மகாதேவி குருகுலப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு 1925 ஜூனில் கல்யாண தீர்த்தத்துக்கு வந்தார். மகள் சுபத்திரை தண்ணீரில் விழ, காப்பாற்றக் குதித்தவரும் மகளோடு போய்விட்டார். இத்தனை ஒற்றர்களிடம் தப்பின மனிதர், பெற்ற பிள்ளைக்காக ஒரு நொடியும் யோசிக்காமல் குதித்தார். மலைக்குப் போகிறவர்களிடம் எல்லாம் நான் இதைச் சொல்வேன். பாபநாசத்தில் கதை எழுத வருகிறவர்கள் இந்த ஆறு எப்படிப்பட்டது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளட்டும். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் கூடிவிடும்.

இப்போது பாபநாசம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சுயம்புலிங்கம்தான். 2015-ல் கமல்ஹாசன் சுயம்புலிங்கமாக நடித்து 'பாபநாசம்' படம் வந்த பிறகு, "அந்த வீடு எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அந்தக் கதையில் நிருபர் கிடையாது. ஒரு தகப்பன் மறைக்கிறான், ஒரு தாய் தேடுகிறாள், தேடுகிறவளும் போலீஸ் அதிகாரி. படம் முடிந்து வெளியே வரும்போது என் வீட்டுக்காரர் வேறு ஒன்றைச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "இந்த ஊர்ல ஒரு அவசரக்காரன் பேப்பர்ல எழுதியிருந்தா, அந்தக் குடும்பம் மூணாம் நாளே முடிஞ்சிருக்கும்." அவர் அந்தப் படத்தைப் பார்க்க இருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். கூடவே ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். சம்பளம் கிடையாது. அச்சான செய்தியை அளந்து காசு கொடுப்பார்கள். எழுதியதைக் கவரில் போட்டு, சாயந்தரம் திருநெல்வேலி போகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தால், அங்கே ஜங்ஷனில் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். கடையை விட்டு நகர முடியாத நாளில் நான்தான் கவரைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கொடுப்பதற்கு முன் நான் படித்துவிடுவது வழக்கம். எழுத்துப் பிழை திருத்துவேன். அது எங்களுக்குள் இருந்த ஒரு சந்தோஷம். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில் பாதி அந்தக் கவர்களைப் பற்றித்தான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாதம். ஆற்றில் செந்தண்ணீர் ஓடுகிறது. பக்கத்து ஊரில் ஒரு பெண்ணைக் காணோம். இரண்டாம் நாள், படித்துறைக்குக் கீழே பாறையில் ஒரு சிவப்புச் சேலை. காணாமல் போன அன்று அவள் உடுத்தியிருந்தது சிவப்புச் சேலைதான் என்று யாரோ சொன்னார்கள். எங்கள் தெருவை ஒட்டிய தெருப் பையன் ஒருவன் அந்தப் பெண்ணோடு பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். போலீஸ் அந்தப் பையனைக் கூப்பிட்டு விசாரித்தது.

அந்த ஸ்டேஷன் ஏட்டையா என் நூல் நிலையத்துக்கு வாடிக்கையாக வருகிறவர். சங்கர்லால் கதை என்றால் உயிர். தமிழ்வாணன் எழுதியதில் அவர் படிக்காதது இல்லை. அன்றைக்குப் புத்தகம் எடுக்க வந்தவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "அண்ணாச்சி, ரெண்டு நாள் பொறுங்க. ஆத்துல கெடக்க சேலைய வச்சு எதையும் எழுதிராதிய." காரணம் கேட்டதற்குச் சொல்லவில்லை. போலீஸ் எதையோ மறைக்கிறது என்று இவருக்குத் தோன்றியது. மறைக்கிறார்கள் என்று தோன்றினால் நிருபருக்குக் கை பரபரக்கும். எழுதிவிட்டார்.

அந்தக் கவரை நான் படித்தேன். சிவப்புச் சேலையில் தொடங்கியிருந்தார். பொங்கி வருகிற ஆறு, விடிகாலை, பாறையில் ஆடுகிற சேலை, பக்கத்துத் தெரு வாலிபரிடம் விசாரணை, கொலையா என்று ஒரு கேள்விக்குறி. எனக்குப் புல்லரித்தது. "நாவல் மாதிரி இருக்கு" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. நான் நடந்துபோய் பஸ்ஸில் கொடுத்துவிட்டு வந்தேன்.

இத்தனை வருஷத்தில் என்னால் தாண்டிப் போக முடியாத இடம் இதுதான். அவர் எழுதியதைவிட நான் ரசித்தது பெரிய தப்பு என்று நினைக்கிறேன். அவருக்காவது வேலை என்று ஒரு காரணம் இருந்தது. எனக்கு அந்தப் பையனைத் தெரியும். வாரத்துக்கு இரண்டு புத்தகம் எடுப்பான். ஓரத்தை மடக்க மாட்டான், தீக்குச்சியை அடையாளமாக வைப்பான். அவனுக்காக எடுப்பதும் இல்லை. அவன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ராத்திரி அவள் பீடி சுற்றும்போது அவன்தான் வாசித்துக் காட்டுவான். இதெல்லாம் தெரிந்திருந்தும், அந்தக் கவரைப் படிக்கிறபோது 'பக்கத்துத் தெரு வாலிபர்' என்கிற வார்த்தைக்குள் அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. நாவலில் வருகிற சந்தேகத்துக்கு ருசி உண்டு. அந்த ருசி பழகின நாக்கோடு நிஜ மனுஷனைப் படித்தேன்.

பேப்பரில் பேர் போடவில்லை. எங்கள் ஊரில் பக்கத்துத் தெரு என்று போட்டாலே போதும். அன்று ராத்திரி அவர்கள் வீட்டு ஓட்டில் கல் விழுந்தது. இரண்டு நாள் கழித்து அவன் ஊரை விட்டுப் போனான். பம்பாய் என்று பிறகு தெரிந்தது.

ஒன்பதாம் நாள் அந்தப் பெண் வந்துவிட்டாள். பிடிக்காத மாப்பிள்ளைக்குக் கல்யாணம் பேசினார்கள் என்று கோபித்துக்கொண்டு சிவகாசியில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவள் போகிற இடத்தைப் பையனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அதைத்தான் ஏட்டையா அவனிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். வீட்டு ஆட்கள் அவசரப்பட்டு ஏதும் செய்துவிடக்கூடாது என்று, கோபம் ஆறட்டும் என்று, இரண்டு நாள் அதை வெளியே விடாமல் வைத்திருந்தார். பிறகு புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தவர் என் வீட்டுக்காரரிடம் சத்தம் போடவில்லை. "அவன் எனக்குச் சாட்சி, அண்ணாச்சி. நீங்க எழுதினதும் குத்தவாளி ஆயிட்டான். ஸ்டேஷன்ல ஒருத்தன் என்கிட்ட குத்தத்த ஒத்துக்கிட்டாலே கோர்ட்டு அத எடுத்துக்காது. வெள்ளக்காரன் 1872-லயே சாட்சிச் சட்டத்துல எழுதி வச்சிட்டான். அவ்வளவு யோசிச்சிருக்கான். நாம ஒரு சேலையப் பாத்து எழுதிட்டோமே." நாம என்றுதான் சொன்னார். அந்த வார்த்தை என் வீட்டுக்காரரைத் தூங்கவிடவில்லை.

பேப்பரில் மறுப்பு வந்தது. உள்பக்கத்தில் மூன்று வரி. மாயமான பெண் உறவினர் வீட்டில் இருந்தது தெரியவந்தது என்று. அந்தப் பையனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மூன்று மாதம் எங்கள் வீட்டில் பேச்சு இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம். நான் தடுக்கவில்லையே என்று என் மேல் அவருக்குக் கோபம். இரண்டும் ஒரே கோபம் என்று புரிய அத்தனை நாள் ஆயிற்று. அதன் பிறகு அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். எந்தக் கவரும் ஒரு ராத்திரி மாடக்குழியில் விளக்குக்குப் பக்கத்தில் இருந்துவிட்டுத்தான் பஸ் ஏறும். வெள்ளம், விபத்து தவிர. காலையில் நான் திரும்பப் படிப்பேன். படித்துவிட்டு, இது யார் வீட்டுக்குள் போய் விழும் என்று அவரிடம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் ஒட்டுவார். எத்தனையோ செய்தியில் மற்ற நிருபர்கள் முந்திக்கொண்டார்கள். அளந்து தருகிற காசும் குறைந்தது. அவர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை.

செய்தியால் சம்பாதிக்கிறவர்கள் எந்த அளவுக்குப் போக முடியும் என்பதை நாடு முன்பே பார்த்ததுதான். 'இந்து நேசன்' நடத்திய லட்சுமிகாந்தன் மற்றவர்களின் அந்தரங்கத்தையே சரக்காக வைத்திருந்தார். 1944 நவம்பரில் அவரைக் குத்திக் கொன்றார்கள். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் எங்கள் பக்கத்து நாகர்கோவில் என்.எஸ். கிருஷ்ணனும் இரண்டு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்து, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல் வெளியே வந்தார்கள். என் வீட்டுக்காரர் பாகவதர் பாட்டு கேட்கிறபோதெல்லாம் இதைச் சொல்லுவார். "நான் லட்சுமிகாந்தன் இல்ல. ஆனா அந்தப் பையனுக்கு வித்தியாசம் தெரியுமா?"

இதையெல்லாம் நாவல் எழுதுகிற அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் நோட்டை மூடிவிட்டாள். "அப்ப என் கதாநாயகி எழுதவே கூடாதா, ஆச்சி?" என்றாள். எழுத வேண்டும் கண்ணு. எழுதாவிட்டால் பெரிய இடத்துக் கொலையெல்லாம் ஆற்றோடு போய்விடும். சுபா கதை வசனம் எழுதின 'கோ' படத்தில் வருகிற மாதிரி, அரசாங்கத்தையே கேள்வி கேட்கிற நிருபர்களும் வேண்டும். நான் சொல்வது வேறு. உன் கதையில் காதல் எங்கே வருகிறது என்று பார். மழையில் நனைகிற இடத்தில், வில்லன் துரத்துகிற இடத்தில் வைக்காதே. அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவளிடம் செய்தி தயாராக இருக்கிறது. அவன் காரணம் சொல்ல முடியாமல், ஒரு ராத்திரி பொறு என்கிறான். அவள் பொறுக்கிறாள். அங்கே வை. இன்னொரு நாள் அவனுக்கு ஒரு பெயர் வேண்டும், அதை அவளிடம் நம்பிச் சொன்ன ஆளின் பெயர். அவளால் சொல்ல முடியாது. அவன் கேட்காமல் எழுந்து போகிறான். அங்கேயும் வை. மற்றபடி வனத்துறை செக்போஸ்ட்டை மறந்துவிடாதே. உன் வில்லன் ராத்திரி காரையாறுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போக முடியாது, மாலைக்கு மேல் வண்டியை விடமாட்டார்கள். பகலில் போனால் நம்பரைக் குறித்துக்கொள்வார்கள். அதுதான் உனக்கு நல்ல தடயம்.

அவள் சிரித்துக்கொண்டு குறித்தாள். பிறகு கேட்டாள், "அந்தப் பையனோட அம்மா?"

அதைச் சொல்லாமல் முடிக்கலாம் என்றுதான் இருந்தேன்.

அவள் என் நூல் நிலையத்துக்கு வருவதை விட்டுவிட்டாள். வாசித்துக் காட்ட ஆள் இல்லையே, வந்து என்ன செய்வாள்? மகன் மாதாமாதம் மணியார்டர் அனுப்பினான். ஊருக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் பேச்சு திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்காரர் அலமாரியில் இருந்து ஒரு பரத் சுசீலாவை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, மூடின கதவைப் பார்த்துச் சத்தம் போட்டு வாசித்துவிட்டு வந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. அடுத்த ஞாயிறும் போனார். அதற்கு அடுத்ததும் போனார். நாலாவது வாரம் உள்ளே இருந்து பீடி இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம் கேட்டதாக வந்து சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிடும்போது அழுதார்.

பிறகு கதவு திறந்தது. அவள் உள்நடையில் உட்கார்ந்து சுற்றுவாள். இவர் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பார். நடுவில் பேச்சு கிடையாது. மன்னித்துவிட்டேன் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. இவரும் கேட்டதில்லை. டிவி வந்தது, என் நூல் நிலையத்தை மூடினேன், மாத நாவல்கள் குறைந்துபோயின. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் நடந்தது.

அவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் பஸ் ஏறிவிட்டார்கள். சாயந்தரம் வாசலில் நிழல் தெரிந்தது. அவள்தான். எங்கள் வீட்டுப் படி ஏறி எத்தனை வருஷம். முந்தானைக்குள் இருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள்.

"எக்கா, இது பாதியில நிக்கு" என்றாள். "அண்ணாச்சி தீக்குச்சி வச்சிட்டுப் போயிருக்காவ. மிச்சத்த நீங்க வாசிங்க."

நான் கண்ணாடியைத் தேடி எடுத்தேன். அவள் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுபத்திரண்டாம் பக்கம்.